ஓரத்தில் நிற்பவர்கள்

என் தாயாருக்குத் தனியாக எடுத்த நல்ல படம் ஒன்றுகூட இல்லை என்பது அவர் மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எண்பத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்தவர். குடும்ப அட்டையிலும் வாக்காளர் அட்டையிலும் விரல் நகத்தளவுப் படங்கள் உண்டு. ஆனால் அவற்றில் இருப்பவர் என் அம்மா அல்லர். அரசாங்கத்துக்கு அஞ்சி விழிக்கும் யாரோ ஒரு கிழவி. வீட்டில் தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தது ஒரே ஒரு கூட்டுப் படம். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், அவர் சமையல் வேலை பார்த்த பெரிய வீட்டில், 1968ஆம் ஆண்டு நடந்த ஒரு திருமணத்தின்போது எடுத்தது. நடுவில் மணமக்கள், இருபுறமும் நாற்காலிகளில் பெரியவர்கள், தரையில் சம்மணமிட்டுக் குழந்தைகள். இடப்பக்க ஓரத்தில், சட்டத்தை விட்டு இன்னும் ஓர் அடி நகர்ந்தால் காணாமற் போய்விடுபவரைப் போல, கையில் ஒரு தாம்பாளத்துடன் அம்மா நிற்கிறார். அவர் தோள்மீது வளையல் அணிந்த ஒரு கை இருக்கிறது. அந்த வீட்டுப் பெண்களில் ஒருத்தி, “நீங்களும் நில்லுங்கள்” என்று இழுத்து நிறுத்திய கை.

மகனுக்கு ஹிஞ்சேவாடியில் வேலை. ஓய்வு பெற்ற பின் நானும் இங்கேயே வந்து சேர்ந்தேன். படத்தை எடுத்துக்கொண்டு, சட்டம் போட்டுத் தரும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரப் பிள்ளை மிகவும் பணிவானவன். கணினித் திரையில் அம்மாவை மட்டும் பிரித்தெடுத்துப் பெரிதாக்கிக் காட்டினான். பிறகு, “காகா, இந்தக் கையை அழித்துவிடலாம். தாம்பாளத்தையும் எடுத்துவிட்டுக் கைகளைக் கூப்பியபடி ஆக்கலாம். பருத்திச் சேலையைப் பட்டாக மாற்றித் தருகிறேன், கழுத்தில் ஒரு சங்கிலியும் போட்டுவிடலாம், கூடுதல் பணம் வேண்டாம்” என்றான். அவன் சொன்னதில் குறை ஒன்றும் இல்லை. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பதைத்தான் அவன் எனக்கும் சொன்னான். “நாளைக்குச் சொல்கிறேன்” என்று வீடு திரும்பினேன்.

அந்த நாளை என்பது மூன்று வாரங்கள் ஆயிற்று. அதற்குக் காரணம் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் அயர்லாந்து நாட்டு ஓவியர் என்றால் நண்பர்கள் நகைப்பார்கள்.

என் மகன் அலுவல் காரணமாக டப்ளின் நகருக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்திலிருந்து எனக்காக இரண்டு பட அட்டைகள் வாங்கி வந்திருந்தான். “இந்தியா பற்றிய படம் என்று போட்டிருந்தது, அப்பா” என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்றில், நகைகள் பூண்ட ஓர் இந்தியப் பெண் அமர்ந்திருக்கிறாள். 1787இல் தீட்டியது. வரைந்தவர் தாமஸ் ஹிக்கி. படத்தின் பெயரைப் படித்தபோது வியப்பாக இருந்தது. ‘ஓர் இந்தியப் பெண்மணி; வில்லியம் ஹிக்கியின் துணைவி ஜம்தானியாக இருக்கலாம்’ என்பது அதன் பொருள். ‘இருக்கலாம்’! அவள் அணிந்திருக்கும் ஒவ்வொரு நகையையும் எண்ணி எண்ணித் தீட்டிய கை, அவள் பெயரை மட்டும் ஓரிடத்திலும் எழுதி வைக்கவில்லை. வில்லியம் ஹிக்கி என்பவர் கல்கத்தாவில் வழக்கறிஞராய் இருந்தவர். தம் வாழ்க்கை நினைவுகளை விரிவாக எழுதி வைத்தவர். ஓவியருக்கும் அவருக்கும் பெயர் ஒன்றேயன்றி உறவு இல்லை, பழக்கம் உண்டு. ஜம்தானி என்ற பெண் அவரோடு வாழ்ந்து, 1796இல் பிள்ளைப்பேற்றின்போது இறந்தாள் என்று அந்த நினைவுகளால் அறிகிறோம். அந்த ஜம்தானிதான் இவளா? இருக்கலாம்.

இரண்டாவது அட்டையில் கர்னல் வில்லியம் கிர்க்பாட்ரிக் என்ற ஆங்கிலேய அதிகாரி. அவரைச் சூழ அவருடைய இந்திய உதவியாளர்கள். இதற்கும் பெயர் அவ்வளவே: ‘கர்னல் வில்லியம் கிர்க்பாட்ரிக், தம் உதவியாளர்களுடன்.’ கிர்க்பாட்ரிக் பின்னாளில், 1811இல், திப்பு சுல்தானின் கடிதங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர். பாரசீகம் அறிந்த முன்ஷிகளின் துணையின்றி அத்தகைய வேலை நடந்திருக்குமா என்பதை, அலுவலகத்தில் வேலை பார்த்த எவரும் சொல்லிவிடுவர்.

அன்றிரவு முதல் நான் தாமஸ் ஹிக்கியைத் தேடிப் படிக்கலானேன்.

அவர் 1741இல் டப்ளினில் பிறந்தவர். தந்தை இனிப்புப் பண்டங்கள் செய்து விற்றவர். (சமையற்காரியின் மகனாகிய எனக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி, மறைப்பானேன்?) தம்பி ஜான் சிற்பியானார். தாமஸ், டப்ளின் சங்கத்தார் நடத்திய ஓவியப் பள்ளியில் பயின்று, இத்தாலிக்குச் சென்று பழகி, பின் இலண்டன் சேர்ந்து அரச கலைக்கழகப் பள்ளியிலும் சேர்ந்தார். செல்வர்கள் நீராடப் போகும் பாத் நகரிலும் சில ஆண்டுகள் கடை விரித்தார். ஆனால் அது ரெனால்ட்ஸும் கெயின்ஸ்பரோவும் கொடிகட்டிப் பறந்த காலம். அவர்கள் வரிசையில் ஹிக்கியை வைப்பார் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. திறமை உண்டு, மேதைமை இல்லை. அப்படிப்பட்டவனுக்குப் பிழைக்க வழி தேவை. திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்பது நமக்கு மட்டும் சொன்னதா?

1780இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். வழியிலேயே பிரெஞ்சு, ஸ்பானியக் கடற்படைகள் அந்தக் கப்பற் கூட்டத்தைப் பிடித்துக்கொண்டன. விடுபட்டு லிஸ்பன் சென்று, அங்கே சில ஆண்டுகள் படம் எழுதிப் பிழைத்து, 1784இல்தான் கல்கத்தா வந்தார். அங்கே 1788இல் பண்டைய ஓவிய சிற்பக் கலைகளின் வரலாறு பற்றி ஒரு நூலின் முதற்பகுதியை அச்சிட்டார். இரண்டாம் பகுதி வெளிவரவே இல்லை. பிறகு இங்கிலாந்து திரும்பினார். 1792இல் சீனப் பேரரசரைக் காணப் புறப்பட்ட மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழுவில் ஓவியராகச் சேர்ந்துகொண்டார். மெக்கார்ட்னியும் அயர்லாந்துக்காரர், முன்பு சென்னையில் ஆளுநராய் இருந்தவர். ஆனால் அவ்வளவு நெடிய பயணத்தில் ஹிக்கி வரைந்தது மிகக் குறைவு. இப்படி ஊர் ஊராய் அலைந்தவர், 1798இல் சென்னைப் பட்டினத்தில் வந்து இறங்கியபோது அவருக்கு ஐம்பத்தேழு வயது. அக்காலத்து ஐரோப்பியர் பலர் இந்த மண்ணில் அந்த வயதைக் கண்டதே இல்லை. இவருடைய வாழ்வின் நல்ல பகுதியோ அப்போதுதான் தொடங்கிற்று.

1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது, திப்பு மாண்டார். அந்த வெற்றியை ஏழு பெரிய ஓவியங்களாகத் தீட்டுவது என்று ஹிக்கி திட்டமிட்டார். அதற்காகப் போரிற் கலந்துகொண்ட அதிகாரிகளை அமர வைத்துச் சுண்ணக்கோலால் அவர்தம் முகங்களை வரைந்தார். ஐம்பதுக்கு மேற்பட்ட அந்த முகங்கள் எஞ்சி, வெல்லிங்டன் பிரபுவின் மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தன. திட்டமிட்ட ஏழு ஓவியங்கள் உருவாகவில்லை. இதில் எனக்கு வருத்தம் இல்லை. வெற்றிக் காட்சிகளைத் தீட்டப் பலர் முன்வந்தனர். அவற்றிலெல்லாம் வாளும் புகையும் ஒன்றுபோலவே இருக்கும்.

வென்றவர்களை வரைந்த அதே ஹிக்கி, தோற்றவர்களையும் வரைந்தார். திப்புவின் மைந்தர்கள் நம் வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். 1801இல் அவர்களுடைய உருவங்களை ஹிக்கி ஒவ்வொன்றாகத் தீட்டினார். அப்படங்கள் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலின் மாளிகைக்கு அனுப்பப்பட்டன. 1806 ஜூலையில் வேலூரிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அதன் பின் இளவரசர்களையும் கம்பெனியார் கல்கத்தாவுக்கே கப்பலேற்றினார்கள். படங்கள் முன்னே போயின. படத்துக்கு உரியவர்கள் பின்னே போனார்கள். அந்தப் படங்களிற் சில இன்று கொல்கத்தாவின் விக்டோரியா நினைவகத்தில் இருக்கின்றன. திப்புவிடமும் அவருக்குப் பின் வந்த உடையார் அரசிலும் அமைச்சராயிருந்த பூர்ணையாவையும் ஹிக்கி தீட்டினார். அது இப்போது அமெரிக்காவில், யேல் பல்கலைக்கழகக் கலை மையத்தில் உள்ளது. பூர்ணையா பெயரோடு இருக்கிறார். திவானின் பெயரை யார் மறப்பார்?

பெயர் மறைந்ததனால் விளைந்த ஓர் அநியாயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1805ஆம் ஆண்டளவில் ஹிக்கி மைசூரில் மூன்று பெண்களை ஒரே சீலையில் எழுதினார். பின்வந்தவர்கள் நெடுநாள் அவர்களை ஆடல் மகளிர் என்றும், பரத்தையர் என்றும் எண்ணி வந்தனர். நைஜல் சான்சலர் என்ற வரலாற்றாய்வாளர் 2001இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், அவர்கள் மைசூர் அரச குடும்பத்துப் பெண்கள் என்று காட்டினார். வலப்புறம் நிற்பவள் தேவாஜம்மணி. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை மணக்கப் பன்னிரண்டு வயதில் அரண்மனைக்கு வந்தவள். அவளுடைய இடக்கையை வழக்கமாக மூடும் சேலை விலகியிருக்கிறது; அம்மை குத்திய இடத்தை அவள் சுட்டிக் காட்டுகிறாள் என்பது சான்சலரின் விளக்கம். ஜென்னரின் பசு அம்மைப்பால் 1802இல்தான் பம்பாய் வந்து சேர்ந்திருந்தது. மக்கள் அஞ்சினார்கள். அரசியே குத்திக்கொண்டாள் என்று காட்டினால் அச்சம் தீரும் என்பது கம்பெனியாரின் கணக்கு. இடப்புறம் நிற்கும் மூத்த அரசியின் வாயருகே தோல் நிறம் மாறியிருப்பதும், அதற்கு முந்திய பழைய முறையில் அம்மை ஏற்றியதன் வடு என்கிறார் அவர். நாட்டின் நலத்துக்காகத் தன் கையை நீட்டிக் காட்டிய பன்னிரண்டு வயதுப் பெண்ணை, பெயர் தெரியவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இருநூறு ஆண்டுகள் என்னவென்று சொல்லி வந்தோம்!

இதைப் படித்த இரவு கடைக்காரப் பிள்ளையின் யோசனை நினைவுக்கு வந்தது. அந்தப் பெண்ணின் சேலை விலகிய கையையும், மூத்த அரசியின் வடுவையும், பிற்காலத்தில் ஒருவன் ‘அழகாக இல்லை’ என்று வண்ணம் பூசி மறைத்திருந்தால் அவர்கள் கடைசிவரை பரத்தையராகவே இருந்திருப்பார்கள்.

இனித் தமிழர்க்கு மிக வேண்டிய படத்துக்கு வருகிறேன். காலின் மெக்கன்சியின் பெயரை அறியாத தமிழ் ஆராய்ச்சியாளர் இல்லை. ஸ்காட்லாந்தை அடுத்த லூயிஸ் தீவில் பிறந்து, நில அளவைப் பணிக்கு வந்து, தென்னாடெங்கும் சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் ஊர் வரலாறுகளையும் திரட்டியவர். அவர் தொகுத்த தமிழ்ச் சுவடிகளின் சுருக்கங்களைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டி. வி. மகாலிங்கம் 1972இல் பதிப்பித்தார். இந்த மெக்கன்சி இந்திய நில அளவைத் தலைவராக 1815இல் உயர்ந்தார். மறு ஆண்டில் ஹிக்கி அவரைத் தீட்டினார். ஓவியருக்கு அப்போது எழுபத்தைந்து வயது. படம் இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. செந்நிறச் சட்டையில் மெக்கன்சி உயரமாக நிற்கிறார். தொலைவில் ஒரு குன்றின்மேல் கார்க்களத்துக் கோமடேசுவரர் சிலை. மெக்கன்சியைச் சுற்றி மூன்று இந்தியர். ஒருவர் கையில் ஓலைச்சுவடி. அவர் சமணப் புலவர் தர்மையா. தொலைநோக்கியுடன் இருப்பவர் சேவகர் கிருஷ்ணாஜி. மற்றவர் காவேலி வெங்கட லட்சுமையா என்பது பலர் கருத்து. லட்சுமையாவும் அவருடைய உடன்பிறந்தாரான போரையா, ராமசாமி ஆகியோரும் இல்லாவிட்டால் மெக்கன்சி தொகுப்பு என்று ஒன்று இருந்திராது. மெக்கன்சிக்கு நம் மொழிகள் தெரியா. அதை அவரே மறைத்ததில்லை.

இப்படத்தின் அச்சுப் பிரதியை நான் பலமுறை உற்றுப் பார்த்தேன். வழக்கமாக இத்தகைய படங்களில், பணம் கொடுத்தவர் முகத்துக்கே ஒளி. மற்றவர்கள் மரம் செடிகளைப் போல இடம் நிரப்புவார்கள். இங்கே அப்படியில்லை. சுவடி பிடித்த முதியவரின் முகத்தில் தனி ஒரு மனிதர் தெரிகிறார். எங்கேனும் தெருவிற் கண்டால் அடையாளம் சொல்லிவிடலாம். இது மெக்கன்சியின் பெருந்தன்மையா, ஹிக்கியின் கண்ணா? இருவருக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். அமர்த்தியவர் ஓரத்தில் நிற்க இடம் கொடுத்தார். எழுதியவர் அந்த ஓரத்துக்கும் முகம் கொடுத்தார். அதற்காகவே மேதைமை இல்லாத இந்த ஓவியர்மீது எனக்கு மதிப்பு உண்டாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு முன், பெயர் ‘இருக்கலாம்’ என்று போன அந்தப் பெண்ணையும் அவர் இதே கண்ணோடுதான் பார்த்திருக்கிறார். நமக்கு வந்து சேராதது பெயர். முகத்தை அவர் தவறாமல் சேர்ப்பித்துவிட்டார்.

தென்னாட்டில் நெடுங்காலம் வாழ்ந்து, நம் மக்களின் பழக்கவழக்கங்களை நூலாக எழுதிய பிரெஞ்சுப் பாதிரியார் துபுவாவையும், இந்திய உடையில், ஹிக்கி முதுமையில் வரைந்தார். 1824ஆம் ஆண்டு மே மாதம் சென்னையிலேயே காலமானார்.

புனேயில் உட்கார்ந்துகொண்டு சென்னை ஓவியரைப் பேசுவானேன் என்று உள்ளூர் அன்பர்கள் கேட்கலாம். புனேக்கும் ஓர் ஓவியர் வந்தார்: ஜேம்ஸ் வேல்ஸ், ஸ்காட்லாந்துக்காரர். ஆங்கிலத் தூதர் மாலெட்டின் ஆதரவில் 1792இல் பேஷ்வா சவாய் மாதவராவையும் நானா பட்னவிசையும் தீட்டினார். அந்தப் படமும் இலண்டனில், அரச ஆசியக் கழகத்தில் இருக்கிறது. அதன் தலைப்பு: ‘பேஷ்வா மாதவராவ் நாராயண், நானா பட்னவிசுடனும் பணியாளருடனும்.’ இங்கும் பணியாளர்! வேல்ஸிடம் பழகிய கங்காராம் தாம்பட் என்ற மராட்டிய ஓவியரின் பெயர் மட்டும் நல்லவேளையாகத் தப்பியது.

நம் ஹிஞ்சேவாடியில் காலை வேளையில் சாலையோரம் நின்று பார்த்தால் ஒன்று தெரியும். சாரிசாரியாகப் போகும் இளைஞர் ஒவ்வொருவர் கழுத்திலும் பட்டை. பட்டையின் நுனியில் அட்டை. அட்டையில் முகமும் பெயரும். ஓர் ஊர் முழுவதும் தத்தம் உருவப்படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடப்பதை வரலாற்றில் எந்த ஓவியனும் கண்டிருக்க மாட்டான். பெயர் தெரியாத மனிதர் இவ்வூரில் இல்லை என்று நானும் ஒரு நாள் பெருமையாக நினைத்தேன்.

அப்படி நினைத்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தபோது, சமையலறையில் சப்பாத்தி தேய்க்கும் ஓசை கேட்டது. எங்கள் வீட்டில் காலையும் மாலையும் சமைப்பவரை எல்லாரும் ‘மாவ்ஷி’ என்கிறோம். சின்னம்மா என்று பொருள், மரியாதையான சொல்தான். ஐந்து ஆண்டுகளாக அவர் கையால் உண்கிறேன். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. பெரிய வீட்டில் என் அம்மாவை ‘சமையல் அம்மா’ என்று அழைத்தபோதெல்லாம் சிறுவனாகிய எனக்கு நெஞ்சு எரியும். அதுவும் மரியாதையான சொல்தான்.

மறுநாள் கடைக்குச் சென்றேன். கை இருக்கட்டும், தாம்பாளமும் இருக்கட்டும், பருத்திச் சேலை பருத்தியாகவே இருக்கட்டும் என்றேன். அந்தத் தாம்பாளத்தைப் பிடித்த கைகள்தாம் என்னைப் படிக்க வைத்தன என்று அவனிடம் சொல்ல எண்ணி, என் அரைகுறை இந்தியில் அது வராமல் விட்டுவிட்டேன். “அந்தக் கை யாருடையது என்று பார்ப்பவர்கள் கேட்பார்களே, காகா?” என்றான். “கேட்கட்டும்” என்றேன். படத்தின் அடியில் பெயர் எழுத வேண்டுமா என்றான். சொன்னேன். வைத்தீசுவரன் கோயில் அம்மனின் பெயர். தமிழில் நானே எழுதிக் கொடுத்தேன். மராத்தி எழுத்திலும் வேண்டுமா என்று கேட்டு, நான் சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான்.

படம் கூடத்தில் மாட்டிய அன்று மாவ்ஷி மாவு படிந்த கையோடு வந்து நின்று பார்த்தார். பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். தாம்பாளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பந்திக்குக் கொண்டுபோன அதிரசமாக இருக்கும் என்றேன். அது எப்படிச் செய்வது என்று கேட்டார். அரிசி மாவும் வெல்லப் பாகும் என்று எனக்குத் தெரிந்த அளவு சொன்னேன். அதன் பிறகுதான், மிகவும் நாணத்தோடு, அவர் பெயரைக் கேட்டேன்.

சொன்னார். பண்டரிபுரத்து விட்டலன் தேவியின் பெயர். நான் திருப்பிச் சொன்னேன். உச்சரிப்புச் சரியில்லை என்று சிரித்துக்கொண்டே மீண்டும் ஒரு முறை மெதுவாகச் சொல்லிக் காட்டிவிட்டு, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று உள்ளே ஓடினார்.